நேரில் வாங்கிக்கொள்ளவும்

கடலூர் முதுநகர்
15.12.2025, திங்கள், காலை 6.40

அம்மாவுக்கு,

இந்த மாதம் இதுவரை நீ என்னைப் போனில் கூப்பிட்டது இருபத்து மூன்று முறை. நான் எடுத்தது நான்கு. அந்த நான்கிலும் இரண்டாவது நிமிடம் நீ அழுதாய், மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிட்டேன். ஆகவே போன் வேண்டாம். எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் செம்பியன் தினமும் கீரப்பாளையத்திலிருந்து பைக்கில் வந்துபோகிறான். வழியில் உன்னிடம் கொடுப்பான். பதில் எழுதுவதானால் அவனிடமே கொடு.

நீ கேட்டது இரண்டு கேள்வி. கிறிஸ்துமஸுக்கு வருவாயா? முப்பத்தொன்றாம் தேதி ஆராதனைக்கு வருவாயா? இரண்டுக்கும் பதில், இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று முன்பு சொன்னேன். அது பொய். உண்மைக் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

வருஷக் கடைசி ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கிறோம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் எது கையில் வருகிறதோ, அந்த வசனம்தான் வரப்போகும் வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்ன வார்த்தை என்று நீயும் அப்பாவும் சொல்லி வளர்த்தீர்கள். நானும் நம்பினேன். ஆகஸ்டில் அப்பாவை அடக்கம் செய்த அன்று சாயங்காலம் அவருடைய வேதப் புத்தகத்தைத் திறந்தேன். இந்த வருஷத்துச் சீட்டு உள்ளே இருந்தது. நீண்ட ஆயுளைத் தந்து திருப்தியாக்குவேன் என்கிற வசனம். அப்பாவுக்கு அறுபது வயது இரண்டு மாதம். ரிட்டயர் ஆகி எழுபது நாள். இதுவா நீண்ட ஆயுள்?

என் வேலை மீட்டர்களைச் சரிபார்ப்பது. பாய்லரில் ஒரு பிரஷர் மீட்டர் தப்பாகக் காட்டினால் கழற்றி மேஜைமேல் வைத்து, சிவப்புச் சீட்டு கட்டிவிடுவோம். அதை நம்பி யாரும் வால்வைத் திறக்கக் கூடாது. இந்த நம்பிக்கையையும் அப்படிக் கழற்றி வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

பிரஷர் மாத்திரையை மறக்காதே. தண்ணீர் மோட்டார் இன்னும் கரகரவென்று சத்தம் போட்டால் ஓட்டாதே. பேரிங் போயிருக்கும்.

அன்பரசு


அண்ணாமலை நகர்
17.12.2025

கர்த்தருக்குள் பிரியமான மகன் அன்பரசுக்கு,

அம்மா ஜெயராணி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீ சுகமாயிருக்க அன்றாடம் ஜெபிக்கிறேன். வேண்டாம் என்பாய். நிறுத்துவதற்கு என்னிடம் ஸ்விட்ச் இல்லை தம்பி.

உன் சிநேகிதன் வந்தான். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. "இந்தாங்கம்மா, ஒங்க புள்ள மெமோ குடுத்து அனுப்பியிருக்கான். நான் படிக்கல. அவன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டேன்" என்றான். காபி குடிக்கச் சொன்னேன். "எழுதறது அவன், திட்டு வாங்கறது நானா?" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். நல்ல பிள்ளை.

எதிர்வீட்டு லோகநாயகி அக்கா நேற்று வாசலில் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் ராணி, நச்சத்திரம் கட்டலியே? எங்கள்ல ஒரு வருசம் தீவாளி கெடையாது. ஒங்கள்லயும் அப்டித்தானா?" என்று கேட்டார். "அப்டில்லாம் சட்டம் ஒண்ணும் இல்லக்கா, கட்றதுக்கு ஆள் இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நட்சத்திரம் பரண்மேல் இருக்கிறது. அப்பா போன ஜனவரியில் பழைய வேட்டியில் சுற்றி, மேலே பேரும் தேதியும் ஒட்டி வைத்தது. காலேஜ் லேபில் முப்பது வருஷம் பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டிய கை அல்லவா? வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூட அவர் எழுத்துதான்.

நீ ஏழாவது படிக்கும்போது நட்சத்திரத்துக்குள் நீயே பல்பு மாட்டுகிறேன் என்று தெரு முழுவதையும் இருட்டாக்கினாயே, அந்தக் கிறிஸ்துமஸ்தான் இரண்டு நாளாக ஞாபகத்தில் நிற்கிறது. கேரல் வந்தவர்கள் டார்ச் அடித்துக்கொண்டு பாடினார்கள். நீ கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய்.

ஒன்று சொல்ல வேண்டும். நான்கு மாதமாக நீ வீட்டுக்கு வராததற்கு நான் வேறு காரணம் நினைத்திருந்தேன். அன்று காலையில் அப்பா நெஞ்சு எரிகிறது என்றபோது, கேஸாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தவள் நான். அரை மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அதைக் கேட்டதும் எழுந்து போனாய். அதனால்தான் என் முகத்தில் விழிக்க உனக்கு மனசில்லை என்று இருந்தேன். உன் கோபம் ஆண்டவர்மேல் என்று உன் கடிதத்தில் படித்ததும், அவர் என்னை மன்னிக்கட்டும், ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் தாங்குவார். எனக்குத்தான் தெம்பில்லை.

சீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் வேதப் புத்தகத்தை நான் இன்னும் திறக்கவில்லை. என்னுடையதில்தான் வாசிக்கிறேன்.

மோட்டார் சத்தம் போடுகிறது. பக்கெட்டில் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புள்ள அம்மா


கடலூர் முதுநகர்
20.12.2025, சனி, பிற்பகல் 1.15

அம்மாவுக்கு,

சாப்பாட்டு நேரத்தில் பாக்கி பதினேழு நிமிடம். அதற்குள் முடிக்க வேண்டும்.

முதலில் சீரகத் தண்ணீர். நான் வராந்தாவிலிருந்து எழுந்து போனது டாக்டரைக் கேட்கத்தான். அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "இந்த அடைப்புக்கு எப்ப வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது தம்பி" என்றார். அதை அன்றே உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். உனக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மாதம் இதை நீ தலையில் வைத்துக்கொண்டு இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தப்பு என்னுடையது. உன்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. கோடு போட்டு வைத்துக்கொள்.

அடுத்தது நட்சத்திரம். நீ எழுதியதில் இரண்டு பிழை. ஏழாவது இல்லை, எட்டாவது. கட்டிலுக்கு அடியில் இல்லை, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். அங்கிருந்து வாசல் பேச்சு நன்றாகக் கேட்டது. லைன்மேன் வந்து, "எந்த வூட்ல சார் ஷார்ட்டு? டிரான்ஸ்பார்மர்லயே பீஸ் போயிடுச்சி" என்று கத்தினார். அப்பா, "நம்ம வூடுதான் சார். எம்புள்ள. எட்டாவதுதான் படிக்கிறான், ஒரு தெருவையே நிறுத்திட்டான் பாருங்க!" என்றார். பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி. கேரல்காரர்கள் கைதட்டினார்கள். லோகநாயகி அத்தை மட்டும், "நிறுத்திட்டான் சரி, ஏத்தறது யாரு? எங்கூட்ல மாவு பாதி அரைச்சபடி கெடக்குது" என்று கேட்டார்.

அன்றைக்கு அவர் ஒரு அறை விட்டிருந்தால் நான் ஜென்மத்துக்கும் வயரைத் தொட்டிருக்க மாட்டேன். இந்த வேலையிலும் இருந்திருக்க மாட்டேன்.

இதையெல்லாம் நினைக்க வைக்கத்தான் நீ எழுதினாய். தெரிகிறது. வேலை செய்கிறது, அதுவும் தெரிகிறது. ஆனாலும் வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி காலை ஷிப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

மணி 1.31.

அன்பரசு


அண்ணாமலை நகர்
26.12.2025

பிரியமான தம்பிக்கு,

உன் கடிதத்தில் சீரகத் தண்ணீர் பாராவை மட்டும் தனியாகக் கிழித்து என் வேதப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன். கோபிக்காதே. அன்று ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

இருபத்து மூன்றாம் தேதி கேரல் வந்தது. துக்க வீடு என்பதால் டிரம் அடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஒரு பாட்டு மெதுவாகப் பாடிவிட்டுப் போனார்கள். வருஷாவருஷம் நம் வீட்டில்தானே கடைசியாக வந்து சாப்பிட்டு முடிப்பார்கள்? இந்த முறை அவர்களுக்கு யார் வீட்டில் காபியோ.

நேற்று காலை ஐந்து மணி ஆராதனைக்குத் தனியாகப் போனேன். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவர் உட்காரும் ஓரத்தை யாரோ காலியாக விட்டிருந்தார்கள். கோவில் நிறைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தும்கூட அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் லோகநாயகி அக்கா கேசரியும் வடையும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "வருசாவருசம் நீ தட்டுத் தட்டாக் குடுப்பே. இந்த வருசம் நான் குடுத்தா ஆவாதா?" என்று கேட்டார். அப்போது அழுதேன்.

பிறகு அப்பாவின் வேதப் புத்தகத்தைத் திறந்தேன் தம்பி.

நீ சொன்ன சீட்டு அங்கேதான் இருந்தது. நீ சொன்ன வசனம்தான். ஆனால் நீ அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் பென்சிலில், பாட்டிலுக்கு எழுதுவாரே, அந்தக் குண்டு எழுத்தில் இப்படி இருக்கிறது:

"அன்பரசு. 31.12.24. நேரில் வாங்கிக்கொள்ளவும்."

அது அவருடைய சீட்டு இல்லை. உன்னுடையது. போன வருஷம் உனக்கு நைட் ஷிப்ட் விழுந்ததால் நீ வரவில்லை. தன்னுடையதை எடுத்துவிட்டு, போதகரிடம் கேட்டு உனக்கும் ஒன்று எடுத்தார். ஜனவரி முதல் தேதி காலையில் உன்னைக் கூப்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"டேய் அன்பு, ஒன் சீட்ட நானே எடுத்து வச்சிருக்கேன். பிரமாதமான வசனம்டா."

"போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா."

"போட்டோல்லாம் கெடையாது. நேர்ல வந்து வாங்கிக்க."

"சரிப்பா, பொங்கலுக்கு. வைக்கிறேன், வேல இருக்கு."

பொங்கலுக்கு நீ வரவில்லை. ஈஸ்டருக்கு வந்து சாப்பிட்டதும் கிளம்பினாய். நீ கேட்கவில்லை, அவரும் மறந்துவிட்டார். பஸ் போன பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவருடைய சீட்டையும் தேடினேன். அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. நானே கூடப்போய் உனக்கு இளைப்பாறுதல் தருவேன் என்கிற வசனம். எடுத்த அன்றே என்னிடம் காட்டி, "பாத்தியா ராணி, மே மாசம் ஆபீஸ்ல குடுக்கப்போற ரிட்டயர்மெண்ட் ஆர்டர ஆண்டவர் இப்பவே குடுத்துட்டார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை மாதம் எப்படித்தான் மறந்திருந்தேனோ.

இதை வைத்து உனக்கு எதையும் நிரூபிக்க நான் வரவில்லை. அவர் போனது எனக்கும் இன்னும் விளங்கவில்லை. ஆனால் நீண்ட ஆயுள் உனக்கென்று எடுத்து வைத்தது. அதைப் படித்த சந்தோஷத்தில்தான் அவர் ஜனவரி முழுக்கத் திரிந்தார்.

சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பத்தான் எடுத்தேன். பிறகு இருந்த பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அவர் எழுதி ஒட்டியதை நான் மாற்றுகிற வழக்கம் இல்லை.

அன்புள்ள அம்மா


கடலூர் முதுநகர்
31.12.2025, புதன், பிற்பகல் 3.05

அம்மா,

உன் கடிதத்தை ஐந்து நாளில் ஒன்பது முறை படித்திருக்கிறேன்.

எங்கள் பிளாண்டில் ஒவ்வொரு மீட்டருக்கும் எண் பொறித்த ஒரு தகடு தொங்கும். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: தகட்டைப் பார், பிறகு அளவைப் படி. இல்லையென்றால் ஒரு டேங்கின் அளவை இன்னொரு டேங்குக்கு எழுதிவிடுவாய். போன மாதம் இதைச் செய்த ஒருவனை எல்லார் முன்னாலும் வைத்துக் கத்தினேன். நான் தகட்டைப் பார்க்காமல் நான்கு மாதம் ஆண்டவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதாமல் விட்டால் நீ கண்டுபிடிக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். போன வருஷம் அந்த நைட் ஷிப்ட் எனக்கு விழவில்லை. அது செம்பியனுடையது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆராதனை இரண்டரை மணி நேரம், அதற்கு முன் கேள்விகள், அதற்குப் பின் கேள்விகள், எப்போது கல்யாணம் என்று. பொறுமை இல்லை. அப்பா அடுத்த வருஷமும் இருப்பார் என்ற கணக்கில் வாங்கினேன். அவர் அந்தப் பக்கம் நின்று எனக்கு நீண்ட ஆயுள் எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்று ராத்திரி ஷிப்ட் எனக்குத்தான். செம்பியனிடம் மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "பொங்கலுக்கு நீ நில்லு, நான் போறேன்" என்று உடனே ஒப்புக்கொண்டான். பிறகு, "ஏன் மச்சான், போன வருசமே போயிருக்கலாம்ல?" என்றான். சும்மாதான் கேட்டான். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எனக்கு விசுவாசம் திரும்பிவிட்டது என்று இன்று சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிடாதே. சிவப்புச் சீட்டை அவிழ்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மீட்டரை இன்னும் பைப்பில் மாட்டவில்லை. அப்பா ஏன் போனார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அதை வெளியே நின்று கேட்பதைவிட, உள்ளே உன் பக்கத்தில் வந்து கேட்கலாம் என்று தோன்றுகிறது.

செம்பியன் இன்று இங்கேயே இருப்பதால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது நான்தான். பேச ஆரம்பித்தால் நமக்குள் சண்டை வரும். முதலில் இதைப் படி.

இனி நான் செய்யப்போவது:

1. நான்கு மணி பஸ். நின்றுகொண்டு வர வேண்டியிருந்தாலும் ஏறுவேன்.

2. மோட்டாருக்குப் பேரிங் வாங்கிவிட்டேன். நீ இதைப் படித்து அழுது முடிப்பதற்குள் மாற்றிவிடுவேன்.

3. பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கிக் கட்டுவேன். கிறிஸ்துமஸ் முடிந்து ஆறு நாள் ஆயிற்று, தெரியும். லோகநாயகி அத்தையிடம் மாவை முன்னாலேயே அரைத்துக்கொள்ளச் சொல்.

4. ஆராதனையில் முழு இரண்டரை மணி நேரமும் இருப்பேன். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காருவேன். நடுவில் வாட்ச் பார்ப்பேன். கண்டுகொள்ளாதே.

5. உன் சீட்டை நீ எடு, என்னுடையதை நான் எடுக்கிறேன். இரண்டுக்கும் பின்பக்கம் பேரும் தேதியும் நான் எழுதுகிறேன்.

6. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செருப்பைக் கழற்றியதும், போன வருஷத்துச் சீட்டுக்குக் கை நீட்டுவேன். கொடுத்துவிடு.

அன்பு