குளிரில் மட்டும் ஒழுகும் கலம்

என் அன்புக் குமரேசனுக்கு,

பேர் சொல்லிக் கூப்பிட்டால் அத்தை முறைப்பார். எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? உங்களுக்கும் அது பிடிக்கும்.

நீங்கள் போனதிலிருந்து கீழ்வேளூர் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். "வருஷம் திரும்புற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாதும்மா, நம்ம வீட்டுப் பழக்கம்" என்று அத்தை சொல்லிவிட்டார். மகனைப் பறிகொடுத்தவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? ஜன்னல் வழியாக நம் வயலைப் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிறது.

சென்னையிலிருந்து என் பேராசிரியர் போன் செய்தார். திங்கட்கிழமை நான் ஆய்வகத்தில் இல்லாவிட்டால் குளிரூட்டும் இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம். அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது, அந்தக் கசிவைக் கண்டுபிடிக்காமலே.

எந்தக் கசிவு என்று உங்களுக்குத் தெரியும். தனிச்சுழிக்குப் பக்கத்தில், அதற்குமேல் குளிரவே முடியாது என்கிற இடத்தில், மற்றதெல்லாம் உறைந்து கிடக்கும். ஹீலியம் மட்டும் உறையாது. பிசுக்கே இல்லாமல் ஓடும். கிண்ணத்தில் வைத்தால் தானே சுவரேறி வெளியே சொட்டும். சாதாரணச் சூட்டில் ஒரு பொட்டுக்கூடக் கசியாத என் கலம், அந்தக் குளிரில் மட்டும் எங்கேயோ ஒழுகுகிறது. இதைச் சொன்னதும், வயல் வரப்பில் தண்ணீர் கசிந்தால் சொல்வதுபோலவே, வாயில் இருந்த சோற்றை விழுங்காமலே, "நண்டு வளைதான். வைக்கோலும் களிமண்ணும் வச்சு அடை" என்றீர்களே! புரையேறும்வரை சிரித்தோம். இனி அப்படிச் சிரிக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்றுக் காலை பக்கத்து வயல் சேகர் வாசலில் வந்து கத்தினார். "அண்ணி, கீழ வயல்ல தண்ணி நிக்கலை. நட்ட பயிரு காயுது, முறைத் தண்ணி இனி அடுத்த வாரந்தான். எனக்கு இன்னைக்கு நடவு. ஆளு இருந்தா அனுப்புங்க." ஆள் கிடைக்கவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி. என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். "போயிட்டு வா" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வரப்பில் கால் வைத்ததும் அழுதுவிட்டேன். சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவியதில் வளை கிடைத்தது, நண்டும் கிடைத்தது, விரலைக் கவ்வியது. நீங்கள் சொன்னபடியே அடைத்தேன். தண்ணீர் நின்றது.

வாசலில் கால் கழுவும்போது சொன்னேன்: "சென்னையிலயும் ஒரு வளை இருக்கு அத்தை. அதையும் நான்தான் அடைக்கணும். ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்."

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?"

"உங்க மகன் அப்படித்தான் சொன்னாரு."

அவர் உள்ளே போய்விட்டார். சரி என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் என் தட்டில் சோறு வைத்தார்.

பயமாக இருக்கிறது. நீங்கள் இருந்தவரை நான் வழி தேட வேண்டியிருக்கவில்லை. பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவீர்கள். இந்த முறை நானே ஏற வேண்டும்.

வருஷத் திதிக்கு வந்துவிடுவேன். கசிவைக் கண்டுபிடித்தால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன். கண்டுபிடிக்கவே முடியாமல் போனாலும் உங்களிடம்தான். சத்தியம்.

விரலில் நண்டுக் கடியோடு,
உங்கள் மனைவி
கயல்விழி