எபெர்லெ கட்டிவைத்த அடுக்கு

பெப்ரவரி 3, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. மரப்பெட்டி, இரும்புப் பட்டி, உள்ளே எலிப் புழுக்கை மணம். கார்ல் எபெர்லெ என்ற வக்கீலின் கடிதங்கள். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன். 1830களில் கப்பலேறி அமெரிக்கா போய், மிசூரி ஆற்றங்கரையில், றோட்டுமில்லாத கோர்ட்டுமில்லாத காட்டில் வழக்குப் பேசியவன். அவன் செத்த பிறகு மகள் பெட்டியை ஜேர்மனிக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். அவனுடைய வழிவந்தவர்கள் இப்போது அதை எங்கள் ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

படம் எடுப்பது நான். வாசிப்பது யாமினி. கோயம்புத்தூர்க்காரி, ட்யூபிங்கனில் முனைவர் ஆய்வு, ஆய்வே இந்த எபெர்லெதான். பழைய ஜேர்மன் கையெழுத்தை ஜேர்மன்காரரைவிட வேகமாக வாசிக்கிறாள்.

கடிதங்கள் கட்டுக் கட்டாக, சிவப்பு நாடா போட்டு இருக்கின்றன. முதல் நாடாவை அவிழ்க்கும்போது அவள் மூச்சே விடவில்லை.

"குண்டு ஒண்டும் இல்லை, அவிழுங்கோ" என்றேன்.

"உங்களுக்கு குண்டுதான் தெரியும், எனக்கு இதுதான் தெரியும்" என்றாள். பதில் உடனே வருகிறது. நல்லது. வேலை செய்யலாம்.

பெப்ரவரி 5, புதன்

வேலை முறை இதுதான்: யாமினி கட்டை அவிழ்ப்பாள், ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் இலக்கம் போடுவாள், பிறகு எனக்குத் தருவாள். ஒரு கட்டுக்கு ஒன்றரை நாள்! என் கமரா சும்மா இருக்கிறது. வாயில் வந்ததைச் சொல்லாமல் விட்டேன். கொஞ்சம் சொன்னேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது யாமினி ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டினாள். எபெர்லெயின் மனைவி லூயீஸ எழுதியது. அந்தக் காலத்தில் அங்கே நீதிபதியும் வக்கீல்மாரும் குதிரையேறி ஊரூராகப் போய் வழக்குக் கேட்பார்களாம். அவன் வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டான். இவள் வீட்டிலிருந்து எழுதுகிறாள்:

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆலைக்காரன் அணை விஷயமாக வந்தான். உங்களுடைய நல்ல சட்டையை எலி கடித்துவிட்டது. அணை இரண்டடிதான் உயரம் என்கிறான், நம்பவேண்டாம்."

எல்லாம் ஒரே தாளில். என் தரவுத்தளத்தில் வகை என்று ஒரு கட்டம் இருக்கிறது. குடும்பம், தொழில். ஒன்றைத்தான் போடலாம்.

"இதுக்கு நான் என்னத்தைப் போட?"

"அதுதானே என் மொத்த ஆராய்ச்சியும்! அந்த மனுஷன் ரெண்டையும் பிரிக்கவே இல்ல. வழக்குக்கு ஒரு கட்டு. அதுக்குள்ள கட்சிக்காரன் கடிதமும் இருக்கும், பொண்டாட்டி கடிதமும் இருக்கும்."

பின்னேரம் அந்தக் கட்டத்தை இரண்டும் போடக்கூடிய மாதிரி மாற்றிவிட்டேன். கால் மணித்தியாலத்து வேலை.

பெப்ரவரி 9, ஞாயிறு

அம்மா வீட்டில் சாப்பாடு. றால் குழம்பு, முருங்கைக்காய். அம்மா கேட்டா: "செத்த வக்கீலின்ர கடிதத்தைப் படம் எடுக்கவோ நீ ஒளியியல் படிச்சனி?"

"உயிரோட இருக்கிற வக்கீல் கூடுதலாக் காசு கேப்பான் அம்மா."

சிரிச்சா. மூன்று கோப்பை சோறு. நித்திரை.

பெப்ரவரி 13, வியாழன்

யாமினி பொன் (Bonn) நகரத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டாள், திங்கள்தான் வருவாள். ஐந்து முதல் எட்டு வரை நாலு கட்டும் அவிழ்த்து மேசையில் இருக்கின்றன. இலக்கம் போடவில்லை.

நான் காத்திருக்கவில்லை. தாள்கள் எல்லாம் வெவ்வேறு அளவு. ஒவ்வொன்றுக்கும் கமராவின் உயரமும் வெளிச்சமும் மாற்றவேண்டும். அதனால் நாலு கட்டையும் ஒன்றாக்கி, பெரியது, நடுத்தரம், சிறியது என்று அளவுப்படி பிரித்தேன். இரண்டே நாள் வேலை. நாளைக்கு முடிந்துவிடும்.

நல்ல முறை. ஏன் ஒருத்தரும் இப்படிச் செய்வதில்லை?

பெப்ரவரி 17, திங்கள்

ஏன் செய்வதில்லை எண்டு இப்ப தெரியும்.

யாமினி வந்தாள், மேசையைப் பார்த்தாள். கத்துவாள் எண்டு நினைச்சன். கத்தேல்லை. கதிரையில இருந்திட்டாள்.

"எது எந்தக் கட்டுல இருந்துச்சு?"

"தேதி இருக்குத்தானே. தேதிப்படி அடுக்கலாம்."

"லூயீஸ எங்க தேதி போடுறா? 'செவ்வாய், மழை'. அவ்வளவுதான் போடுவா. எந்த வருஷத்துச் செவ்வாய்? ஒரே கடிதத்துல மூணு வழக்கு சொல்லுவா. அதை அவர் எந்தக் கட்டுல வச்சார், எதுக்கு மேல வச்சார்... சஞ்சயன், எனக்குக் கடிதம் ரெண்டாவது. அடுக்குதான் என் மூணாவது அத்தியாயம்."

நான் பிழை எண்டு சொன்னன். உண்மையாவே சொன்னன்.

"சாரி சொன்னா அடுக்கு வந்துடுமா?"

வராது. எனக்கும் தெரியும். அடுக்கும் ஒரு தகவல்தான். படிச்ச முட்டாள், அதை நானே அழிச்சுப்போட்டன். ஒரு காப்பியும் எடுக்காமல். சின்னப் பிள்ளை கூடச் செய்யாது —

நாளைக்கு எழுதுறன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

காப்பகத் தலைவி பிறெனர் அம்மா கூப்பிட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பட்டியலில் சேர்க்கவேண்டிய வரியை எழுதி எனக்குக் காட்டினார்: "கட்டு 5 முதல் 8 வரை: மூல அடுக்கு இழக்கப்பட்டது." இனி எவன் இந்தக் கடிதங்களைத் தேடி வந்தாலும் முதலில் இந்த வரியைத்தான் வாசிப்பான்.

வரியைப் பதிய ஈஸ்டர் வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். "எதற்காக?" என்றார். தெரியாது என்றேன். அதையும் ஒத்துக்கொண்டார்.

யாமினியின் உதவித்தொகை யூலையோடு முடிகிறது. அதற்குள் மூன்றாம் அத்தியாயம் பேராசிரியரிடம் போகவேண்டும். மற்றக் கட்டுகளை வைத்து எழுதலாமே என்றேன். பெரிய வழக்குகள் முழுக்க இந்த நாலில்தானாம். பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

பழைய அடுக்கைக் கண்டுபிடிக்கத் துவாரம், மடிப்பு, நாடாவின் தடம் எல்லாம் பார்த்தாயிற்று. நாடா ஒவ்வொரு கட்டிலும் மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மட்டும்தான் தடம் விட்டிருக்கிறது. தலையும் காலுமாக எட்டுத் தாள் கிடைத்தன, எது தலை எது கால் என்று தெரியவில்லை. நடுவில் ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 24, திங்கள்

கிடைத்திருக்கலாம். அவசரப்படாமல் எழுதுகிறேன்.

கடிதங்கள் கொஞ்சம் சேர்ந்ததும் எபெர்லெ ஒரே இருப்பில் ஒவ்வொன்றாக வாசித்து, மடித்து, வெளிப்புறத்தில் ஒரு வரி எழுதுவான்: யாரிடமிருந்து, எந்த வழக்கு. அந்தக் கால வக்கீல்மார் எல்லாரும் அப்படித்தானாம். சிலதில் வழக்கு என்று ஒன்றுமே இல்லை, "லூயீஸ" என்று மட்டும். எழுதியதை அடுக்கின் மேல் வைப்பான். இன்று புற ஊதா விளக்கை மாற்றிப் போட்டபோது ஒரு மடிப்பின் அடிப்புறத்தில் மங்கலாகக் கறை தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தேன். படத்தை இடம்வலமாகத் திருப்பினேன். எழுத்து! கீழே இருந்த கடிதத்தின் அந்த ஒரு வரி, மேலே வைத்த கடிதத்தின் அடியில் ஒட்டியிருக்கிறது.

மை காய முதலே அடுத்ததைத் தூக்கி மேலே வைத்திருக்கிறான். பொறுமையில்லாத மனிசன். வாழ்க.

யாமினியின் அறைக்கு ஓடினேன். கதவைத் தட்ட மறந்துவிட்டேன்.

"வாங்கோ" என்றேன்.

"பிஸியா இருக்கேன்."

"வந்து பாரும்."

"'பாரும்'ஆ? 'பாருங்கோ' போச்சா? சரி, சரி, வரேன்."

திரையைப் பார்த்தாள். கைப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். இரண்டாவது படத்தைக் காட்டச் சொன்னாள்.

மார்ச் 6, வியாழன்

முறை: ஒவ்வொரு மடிப்பையும் இரண்டு புறமும் புற ஊதாவில் படம் எடுக்கவேண்டும். அடிப்புறக் கறையைத் திருப்பி, மற்ற எல்லாக் கடிதத்தின் மேல் வரியோடும் பொருத்திப் பார்க்கவேண்டும். பொருத்துவது கணினி, சரி பார்ப்பது யாமினி. கணினி இன்று ஆலைக்காரனையும் ஒரு பாதிரியையும் சேர்த்து வைத்தது.

"உங்க மெஷினுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க."

"அந்தாளின்ர எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் மெஷின் என்ன செய்யிறது?"

திரும்பக் கதைக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

ஐந்தாம் கட்டு முழுவதும் வந்துவிட்டது. தலையிலிருந்து கால் வரை, நாடாத் தடத்தோடும் பொருந்துகிறது. இரண்டு பேரும் வெளியில் போய் பிறெற்சல் என்ற உப்பு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். குளிர். ஆனால் வெயில். யாமினி உப்பு முழுவதையும் சுரண்டிக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். இதென்ன பழக்கம் என்றேன். தன் உப்பு தன் இஷ்டம் என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா: "முகம் தெளிவாய் இருக்கு. வேலை நிரந்தரமாக்கிப் போட்டினமோ?" இல்லை என்றேன். "அப்ப என்ன?" ஒரு கறை பொருந்தினது என்றேன். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தா.

ஏப்ரல் 10, வியாழன்

ஆறும் ஏழும் முடிந்தன. எட்டில் ஒரு கிழமையாக நின்றோம். நான் விளக்கின் கோணத்தை மாற்றினேன், யாமினி எபெர்லெ சுருக்கி எழுதும் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தந்தாள். இன்று அதுவும் வந்தது.

யாமினி நாலு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் அடியையும் காட்டினாள். அடியில் இருப்பது முதலில் வைத்தது. நாலிலும் அடியில் லூயீஸ.

"கட்சிக்காரன் கடிதம் மேலதான் வருது. முதல்ல அவதான் எழுதியிருக்கா, யார் வந்தான், என்ன கேட்டான், நம்பலாமா கூடாதான்னு. அதுக்கப்புறம்தான் வழக்கே. நான் ரெண்டு வருஷமா என்ன எழுதி வச்சிருக்கேன் தெரியுமா? பொண்டாட்டி கடிதத்தை ஆசையா வழக்குக் கட்டுல வச்சுக்கிட்டார்னு எழுதியிருக்கேன்!"

"அப்ப அத்தியாயம் பிழையோ?"

"பிழை. திரும்ப எழுதணும்."

இதைச் சொல்லும்போது ஒருவர் இவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாலு கட்டையும் எடுத்துப் பார்த்தோம். மூன்றில் அப்படித்தான். ஒன்றில் இல்லை. அதையும் எழுதத்தான் வேணும் என்றேன். "எழுதாம விடுவேனா?" என்று ஏசினாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பிறெனர் அம்மா பழைய வரியை வெட்டினார். புது வரி: "மூல அடுக்கு கலைந்தது, மை ஒட்டியதைக் கொண்டு மீட்கப்பட்டது." கலைந்தது என்ற சொல்லும் இருக்கட்டுமா என்று என்னைப் பார்த்தார். இருக்கட்டும், நடந்ததுதானே என்றேன். யாரால் என்று போடவில்லை.

ஒரு கடிதம் மட்டும் மிச்சம். எங்கும் பொருந்தவில்லை. கட்டுக்கு வெளியே தனியாகக் கிடந்ததை நான் சேர்த்துக் கலந்திருக்கவேண்டும்.

மே 22, வியாழன்

யாமினி இரவும் பகலும் எழுதுகிறாள். நான் ஒன்பதாம் கட்டில் இருக்கிறேன். இலக்கம் போடாமல் ஒரு தாளையும் தொடுவதில்லை. மெதுவாகத்தான் போகிறது. சில நேரம் எரிச்சல் வருகிறது. வரட்டும்.

யூன் 27, வெள்ளி

பேராசிரியர் மூன்றாம் அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டாராம். இரண்டு இடத்தில் திருத்தம், மற்றபடி சரி. யாமினி காலையில் நேரே இங்கே வந்து சொன்னாள். கையில் ஒரு பெட்டி மைசூர்பாகு. காப்பகத்தில் எல்லாருக்கும் கொடுத்தாள். பிறெனர் அம்மா இரண்டு துண்டு எடுத்தார்.

அத்தியாயத்தின் முதல் வரியாக அந்த மிச்சக் கடிதத்தைத்தான் போட்டிருக்கிறாள். அதை நான் படமாகத்தான் பார்த்திருந்தேன், கறை தேடி. வாசித்ததில்லை. வாசித்துக் காட்டினாள்:

"புதன், காற்று. படகுத்துறைக்காரன் இரண்டு நாளாக வாசலில் நிற்கிறான். உங்களோடு மட்டும்தான் பேசுவானாம். எனக்கு மாவு குழைக்க வேண்டியிருந்தது, பேசு என்றேன், பேசினான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. வழக்கை நாங்கள் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். கோபிக்கவேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை, வெள்ளிக்குள் வாருங்கள்."

அந்த வழக்குக்குக் கட்டும் இருக்கிறது, ஏழாவது. ஆனால் இந்தத் தாள் அதில் இருந்ததில்லை. வெளிப்புறத்தில் எபெர்லெ ஒன்றும் எழுதவில்லை. கறையில்லை, நாடாத் தடமில்லை. மடிப்புகள் மட்டும் தேய்ந்து, நடுவில் கிழியப் பார்க்கின்றன. மற்ற எந்தக் கடிதமும் இப்படித் தேயவில்லை.

"சட்டைப்பையில வச்சிருந்திருக்கார்" என்றாள் யாமினி.

"அதுக்கு ஆதாரம் இல்லை."

"எனக்குத் தெரியும் ஆதாரம் இல்லன்னு. அத்தியாயத்துல எழுதல. உங்ககிட்ட சொல்றேன்."

அவள் ரயிலுக்குப் போன பிறகு அந்தக் கடிதத்தின் பதிவைத் திறந்தேன். இருப்பிடம் என்ற கட்டம் ஏப்ரலிலிருந்து வெறுமையாக இருக்கிறது. தெரியாதது என்றால் வெறுமையாக விடு, இது நானே போட்ட விதி.

"கட்டில் இருக்கவில்லை. சட்டைப்பையில்?" என்று எழுதினேன். கேள்விக்குறியோடு சேமித்தேன்.

பிறெனர் அம்மா திங்கள் கேட்பார். கேட்கட்டும்.