உங்களுக்கு நான் எழுதிய பிறந்த தேதி

அண்ணே,

போன வாரம் பெய்த மழையில் கராஜுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பிளாக்ஹவுஸ் பேயில் சரிவில் வீடு வாங்கியவர்கள் யாரும் இதற்கெல்லாம் புதிதாக அலுத்துக்கொள்வதில்லை. இன்று காலை நனைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது உங்கள் வால்பேப்பர் சுருள் கையில் வந்தது. ஓரம் ஈரமாகி, பழைய பசையின் புளித்த வாசனை அடித்தது. பாபடோயிட்டோயில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேரே சொல்ல வராததால் சுருளிலிருந்து தொடங்குகிறேன்.

தள்ளுபடி விலையில் வாங்கிய ரோஜாப்பூ வால்பேப்பர். பூப்போட்ட பக்கம் உங்களுக்கு வேண்டியதில்லை. பின்பக்க வெள்ளையில் ஓர் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தை எட்டுத் தலைமுறைக்கு வரைந்திருந்தீர்கள். விரித்தால் எங்கள் வீட்டுச் சோபாவிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை வருகிறது. ஜான், வில்லியம், ராபர்ட், தாமஸ் என்று நாலு பெயரை வைத்துக்கொண்டு இருநூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். ஆவணச் சான்று இருப்பவர் பேனா மையில், சந்தேகத்துக்கு உரியவர் பென்சிலில். ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒரு கட்டம் மட்டும், உள்ளே எதுவும் இல்லாமல்.

அந்த வெறுங்கட்டங்கள்தான் நம் முதல் சண்டை. மகள் பாட்டு வகுப்பில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்க நான் நூலகத்தின் குடும்ப வரலாற்று அறைக்கு வந்து உட்கார்வேன். ஏர்போர்ட் சரக்குக் கிடங்கின் மஞ்சள் சட்டையைக் கழற்றாமல், லத்தீன் பதிவுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு தமிழர் இருந்தால் யார்தான் பேச்சுக் கொடுக்காமல் இருப்பார்கள்? யாழ்ப்பாணத்தில் குருமடத்தில் நாலு வருஷம் படித்துவிட்டு, சாமியாராகாமல் ஓடிவந்தவர் என்று நீங்களே சொன்னீர்கள். "கடவுள் போயிட்டார் ஐசே, லத்தீன் மட்டும் மிஞ்சினது." நான் மதுரைக்காரன், இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவுத்தளம் பார்ப்பவன். எங்கள் தொழிலில் பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கே விடாது. தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டு நகர்வோம். இதைச் சொன்னபோது என்னை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

"தெரியாட்டி வெறுமையா விடும். பிழையா நிரப்பினால் பிறகு வாறவன் அதை நம்புவான்."

உங்களுக்கு மிகப் பிடித்தது வயது நிரூபணப் பத்திரங்கள். பிரபு இறந்து, வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால் நிலம் அரசன் கைக்குப் போகும். இருபத்தொரு வயது ஆனதும் பிள்ளை அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பிறப்புப் பதிவேடு என்று ஒன்று அந்தக் காலத்தில் கிடையாது. ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் வந்து சத்தியம் செய்து, பிள்ளை பிறந்த நாள் தங்களுக்கு எப்படி ஞாபகம் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அதை நீங்கள் லத்தீனிலிருந்து நேரே யாழ்ப்பாணத் தமிழுக்குக் கொண்டுவருவீர்கள். "'அண்டைக்குத்தான் நான் குதிரையால விழுந்து கால் முறிச்சனான், அதால வடிவா ஞாபகம்.' அடுத்தவர்: 'அண்டைக்கு என்ர மனுசியைப் புதைச்சுப்போட்டு வரேக்க கோவில்ல ஞானஸ்நானம் நடந்தது.'" நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பதையே மறந்து நான் சிரித்திருக்கிறேன்.

பிறகு சிரிப்பு போய் எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு வேறு மாவட்டத்தில், வேறு வேறு வருஷத்தில், அதே குதிரை, அதே கால். எழுத்தர் முந்தைய பத்திரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்ட பெருமையில் உங்களிடம் வந்து நின்றேன். உங்களுக்கு அது எப்போதோ தெரியும். "சாட்சி பொய்யாயிருக்கும் ஐசே. அதுக்காகப் பிள்ளை பிறக்கேல்லை எண்டு சொல்லுவீரோ?" அன்று எனக்கு நல்ல கோபம். வரைபடத்தில் ஒரு புள்ளி விடாத மனிதர், அந்தப் பன்னிரண்டு பொய்யர்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று.

இந்தச் சுருளுக்குச் சொந்தக்காரர், மாசிப் புறநகரிலிருந்து வருவாரே, ஓய்வுபெற்ற பிளம்பர், அவர். அவருடைய பரம்பரை, நாலாம் தலைமுறைப் பிரபுவின் இளைய மகள் மார்கரெட் வழியாக இறங்குகிறது. புத்தகங்களில் அந்தப் பிரபுவுக்கு இரண்டு மனைவிகள். மூத்த மகள் எலிசபெத் பிறந்து ஐந்தே மாதத்தில் மார்கரெட் பிறந்ததாகக் கணக்கு வருவதால், வேறு தாய் இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ இரண்டாம் மனைவி ஒருத்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவளும் சும்மா வரவில்லை, அரசனின் பேத்தியாக வந்தாள். நீங்கள் ஒரு மாதம் குடைந்தீர்கள். இரண்டு மாவட்டத்து நடுவர்கள் அந்த மகள்களின் வயதை இரண்டு விதமாக ஊகித்ததுதான் விஷயம். ஐந்து மாதமும் இல்லை, இரண்டாம் மனைவியும் இல்லை. பிளம்பர் ஒரே மாலையில் அரச குலத்திலிருந்து இறக்கப்பட்டார். இரண்டு வாரம் வரவேயில்லை. மூன்றாம் வாரம் ஒரு பை ஃபிஜோவாப் பழத்தோடு வந்து, "அப்படியானால் மார்கரெட்டின் அம்மா யார்?" என்று கேட்டார். முதல் மனைவிதான், பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை என்றீர்கள். அவருக்குப் பெயர் இல்லாத கொள்ளுப்பாட்டி வேண்டாமாம். சுருளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவு கறாரான மனிதரின் ஓட்டுநர் உரிமத்தில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. முதல் முறை பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, எங்கள் தொழில் அப்படி. கேட்டதும் மறைக்காமல் சொன்னீர்கள். போரில் கச்சேரி என்ற அரசு அலுவலகத்தில் இருந்த பதிவும் எரிந்தது, கோவிலில் இருந்த ஞானஸ்நானப் புத்தகமும் எரிந்தது. பாஸ்போர்ட்டுக்காக உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, பட்டினியில் மெலிந்திருந்த உங்கள் பல்லையும் முகத்தையும் பார்த்து ஒரு டாக்டர் வயதைக் குறைத்து எழுதிவிட்டார். உங்கள் அம்மா, தங்கையைப் பெற்ற கையோடு இறந்துபோனவர். தங்கை மன்னாரில் சித்தி வீட்டில் வளர்ந்தார், நீங்கள் சாமியார்களின் விடுதியில். பிறந்த நாளைச் சொல்லிவைக்க ஆள் இல்லை. அப்பா சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: தங்கைக்கு இரண்டு வயது மூப்பு, ஊர்க் கோவில் திருநாளுக்குக் கொடியேற்றிய வாரத்தில் பிறந்தவன்.

தங்கை பிறந்தது ஆஸ்பத்திரியில், அவருடைய சான்றிதழ் பத்திரமாக இருந்தது. காகிதத்தின்படி அவர் பிறந்து ஆறு மாதம் கழித்து நீங்கள் பிறந்திருக்கிறீர்கள். உடம்பு நன்றாக இருந்தவரை இதை ஒரு பகிடியாகவே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கணையத்தில் கட்டி என்று தெரிந்து, தங்கையை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று, அவரை இங்கே வரவழைக்க விசிட்டர் விசாவுக்குப் போட்டபோது அது பகிடியாக இல்லை. ஒரே தாய்க்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகளா, உறவு நிரூபணமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விசா ஆலோசகர் ஒரு வழி சொன்னார். அப்பாவின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த தங்கை என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் கணக்கு இடிக்காது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. "ஒரு வரிண்ணே. டைப் பண்ணிட்டேன், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். மன்னார் அக்கா வந்துருவாங்க."

நீங்கள் கை நீட்டி லேப்டாப்பை மூடினீர்கள்.

"எங்கட அப்பு பிறகு கலியாணம் கட்டேல்லை ஐசே. அம்மா அவளைப் பெத்துப்போட்டுத்தான் செத்தவ. அவவின்ர இடத்தில ஆரைக் கொண்டுவந்து எழுதுறது?"

எனக்கு அன்று வந்தது மரியாதை இல்லை, எரிச்சல்தான். இதை இப்போது சொல்லிவிடுகிறேன். செத்துப்போன பிரபுவின் பெண்டாட்டிக்குப் பார்த்த நியாயத்தை உயிரோடு இருக்கும் தங்கைக்குப் பார்க்கக்கூடாதா என்று கார் ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். டி.என்.ஏ. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்தீர்கள், அது சான்று என்பதால். மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போய் மாதிரி கொடுக்க அவருக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு நாலு நாள் முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். அக்கா அடக்கத்தை ஃபோன் திரையில் பார்த்தார். ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். கை வலித்தது, மாற்றிப் பிடித்தால் படம் ஆடும் என்று மாற்றவில்லை.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியது.

அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஈமக்கிரியை நடத்தும் நிறுவனத்தில் இறப்புப் பதிவுக்கான விவரம் கேட்டார்கள். அன்பான, வெள்ளைத் தலைமுடிப் பெண்மணி. முழுப்பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், எல்லாம் சொன்னேன். பிறந்த தேதி என்றார். உங்கள் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில் இருந்தது. என் முகத்தைப் பார்த்து, தெரியாவிட்டால் காலியாக விடலாம், அதில் தவறில்லை என்றும் சொன்னார். நீங்கள் வாழ்நாளெல்லாம் கேட்டதை அந்த அம்மாள் தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தாள் ஒரு நாள் மன்னாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதில் ஜனவரி ஒன்று இருந்தால், செத்த பிறகும் நீங்கள் உங்கள் தங்கைக்கு ஆறு மாதம் இளையவர். காலியாக இருந்தால் நீங்கள் அவருக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. தங்கையின் வருஷத்திலிருந்து இரண்டைக் கழித்தேன். உங்கள் ஊர்க் கொடியேற்றம் எப்போது என்று நீங்கள் பலமுறை சொல்லித் தெரியும். அந்த வாரத்தில் ஏழு நாள். நடு நாளை எடுத்தேன், தவறினாலும் மூன்று நாளுக்கு மேல் தவறாது. இப்படித்தான் என் மூளை வேலை செய்யும், துக்கத்திலும். பாஸ்போர்ட்டில் இருப்பது பிழை, சரியான தேதியை அவரே என்னிடம் சொன்னார் என்றேன். அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டார். கீழே தகவல் தந்தவர் என்று என் பெயர். நீங்கள் பிறந்தபோது நான் பிறக்கவே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

பொய் சொன்ன பயம் எனக்கு அப்போது வரவில்லை. உங்களை நினைத்துத்தான் பயம் வந்தது. நூறு வருஷம் கழித்து உங்களைப்போல் ஒருவன் மஞ்சள் சட்டையோடு வந்து உட்கார்ந்து, அந்தத் தேதியைப் பேனா மையில் எழுதுவான்.

சான்றிதழ் வந்ததும் அக்காவுக்கு அனுப்பினேன். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. முந்தாநாள் பகலில் கூப்பிட்டார். கோவிலிலிருந்து வந்த வெள்ளைச் சேலையிலேயே இருந்தார். அந்தத் தேதிக்குப் போன வருஷமும் உங்கள் பெயரில் பூசை ஒப்புக்கொடுத்தாராம், இந்த வருஷமும். போன வருஷம் பத்துப் பேருக்குச் சாப்பாடு, இந்த வருஷம் விடுதிப் பிள்ளைகளுக்கும்.

"அறுவது வருஷமா எனக்கு அண்ணான்ர பிறந்த நாள் தெரியாது தம்பி. ஒவ்வொரு கொடியேத்தத்துக்கும் ஏழு நாளும் ஏழு மெழுகுதிரி கொளுத்துவன், எதாவது ஒண்டு சரியா இருக்கும் எண்டு. இப்ப ஒரு நாள்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "ஒண்டு கேக்கவேணும் எண்டு கனநாளா நினைச்சனான். அண்ணா தன்ர வாயாலயோ உங்களுக்குச் சொன்னவர்?"

அவரிடம் உண்மையைச் சொல்ல நினைத்தேன் அண்ணே. உங்களுக்காகவே நினைத்தேன். சொன்னால் அவர் மறுபடி ஏழு திரிக்குப் போவார், நீங்கள் மறுபடி ஒரு வெறுங்கட்டத்துக்குப் போவீர்கள். அவர் திரையில் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஓம் அக்கா. அண்ணன்தான் சொன்னாரு" என்றேன்.