மாற்று எண்

2025 ஜூன் 9, திங்கள்

முட்டி: காலையில் வீக்கம் இல்லை. படி இறங்கும்போது மட்டும் வலி.

ஷில்லாங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது அங்கிருந்த பிசியோ ஒரு நோட்டைக் கொடுத்து, முட்டி எப்படி இருக்கிறதென்று தினமும் ஒரு வரி எழுது என்றார். அந்த ஒரு வரிக்குக் கீழே மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. இது மூன்றாவது நோட்டு.

இன்று கேரளத்து கிளப்பிலிருந்து படிவம் வந்தது. ஒரு சீசன். முப்பத்தைந்து வயது டிஃபெண்டருக்கு ஒரு சீசன் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது: ஏன்? அவர்களிடம் ஆள் இல்லையா, இருந்த ஆள் ஓடிவிட்டானா? இருக்கட்டும். இது கிடைத்தால் ஆடியே முடித்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் யாரும் கூப்பிடாததால் நின்றுபோனவன்.

'இதுவரை ஆடிய கிளப்கள்' என்ற கட்டத்தில் இடம் போதவில்லை. சென்னை, கோவா, ஐஸ்வால், மறுபடி கோவா, கொல்கத்தா, பெங்களூரு, ஷில்லாங்… பதினான்கு வருஷத்தில் ஒன்பது. அதில் மூன்று லோன். லோன் என்றால் என்னவென்று ஒருமுறை அப்பாவுக்கு விளக்கினேன். அவர் டீக்கடையில் போய், "எம் மவன கோவாக்காரன் மிசோரத்துக்காரனுக்குக் குத்தகைக்கு வுட்டிருக்கான்" என்றார். மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி உழுகிறவருக்குச் சரியாகவே புரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது பேப்பரைப் பார்த்துத் தெரிந்தது. முந்தின நாள்தான் அந்த கோவா மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, "நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றான். அதிலிருந்து யார் சிரித்தாலும் அவர்கள் கையைப் பார்க்கிறேன்.

'பழைய காயங்கள்': இல்லை என்று எழுதினேன்.

'மாற்றுத் தொடர்பு எண்': என் மனைவி செந்தாமரை நர்ஸ், டூட்டியில் போனை எடுக்க மாட்டாள். அப்பா நம்பரைப் போட்டேன்.

ஜூன் 11, புதன்

முட்டி: சுமார். படிவத்தின் நகலை அலமாரியில் குப்புற வைத்திருந்தேன். இன்று நிமிர்ந்து கிடக்கிறது. செந்தாமரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் இடிக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

தஞ்சாவூரில் ஸ்கேன். கிளப்பின் டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்று முபாரக்தான் ஏற்பாடு செய்தான். முபாரக் என் கூட்டாளி. விளையாட்டு விடுதியில் பன்னிரண்டு வயதிலிருந்து நான் டிஃபென்ஸ், அவன் கோல்கீப்பர். இப்போது முத்துப்பேட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான்.

போனை வெளியே வாங்கி வைத்துக்கொண்டு குழாய்க்குள் தள்ளினார்கள். இரண்டு மணி நேரம் போய்விட்டது. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இன்னொரு சீசன் ஆடலாம் தம்பி. அப்புறம் ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்த சீசன ஞாபகம் வச்சுக்குவீங்க" என்றார். ஆடலாம் என்று சொன்னாரா இல்லையா? சொன்னார். அது போதும்.

கூட வந்த முபாரக் அந்தப் படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டான். எதற்கு?

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்று, "இன்னைக்கு ஒரு போனு…" என்று ஆரம்பித்தார். உள்ளே செந்தாமரை யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அது யாரென்று கேட்கிற அவசரத்தில், "அப்புறம் பேசலாம்ப்பா" என்று தாண்டிப் போனேன். நான் போவதற்குள் அவள் வைத்துவிட்டாள். "ஆஸ்பத்திரியிலேருந்துங்க" என்றாள். அவள் ஆஸ்பத்திரியோடு அப்படிப் பேச மாட்டாள். அங்கே எல்லோரையும் அதட்டுவாள்.

ஜூன் 16, திங்கள்

முட்டி: நாலு கிலோமீட்டர் ஓடினேன். பொய் சொல்வானேன், வலித்தது.

ஜூன் 18, புதன்

கேரளத்து கிளப் மேனேஜர் போனில் பேசினார். நல்ல மனிதர், நன்றாகத் தமிழ் பேசுகிறார். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார்கள். கேட்டார்.

"புகழேந்தி, அந்த ஊசி விஷயம் நீங்க ஃபார்ம்ல எழுதலையே?"

எந்த ஊசி என்றேன். "ரெண்டு வருஷமா முட்டியில ஊசி போட்டுக்கிட்டுத்தான் ஆடுறீங்கன்னு கேள்விப்பட்டோம். எங்க டாக்டர் யோசிக்கிறார்." யார் சொன்னது என்றேன். "உங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க, விடுங்க" என்றார்.

என் நல்லதுக்காம்.

ரெண்டு வருஷம். ஊசி. இவ்வளவு துல்லியமா எவன்டா சொன்னான்? தெரிந்தது மூன்று பேருக்கு. ஷில்லாங் பிசியோ — அவர் இப்போது துபாயில், என்னை மறந்தே போயிருப்பார். செந்தாமரை. முபாரக்.

ஜூன் 19, வியாழன்

ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போன் போட்டு, என் ரிப்போர்ட்டை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கத்தினேன். அந்தப் பெண் பொறுமையாக, "சார், உங்க ரிப்போர்ட்டே இன்னும் நீங்க வந்து வாங்கல" என்றாள்.

ஜூன் 21, சனி

எதிராளி காலைப் பார்க்காதே, பந்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார் — முதல் கோச் சொன்னது. கால் பொய் சொல்லும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். இதை வைத்துத்தான் பதினான்கு வருஷம் சோறு தின்றேன்.

இன்று மதியம் செந்தாமரை போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். துணி காய்கிற கொடியிருக்கும் பக்கம் போவதுபோல் போய், கிணற்றடிப் பக்கம் திரும்பினாள். நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். பெண்டாட்டியை ஃபார்வர்டைப் போல மார்க் செய்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சாணியை வேறு மிதித்துவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம் காதில் விழுந்தது.

"இல்ல முபாரக்கண்ணே, அந்த கேரளா விஷயம் முடியுற வரைக்கும் அவங்களுக்குத் தெரிய வேணாம்."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேர்ந்து.

கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், நானும் கத்துவேன், மகள் எழில்மொழி பயந்துபோய்ப் பார்ப்பாள். இந்தக் குழந்தைக்கு ஒன்பது வயது. ஒரு பிறந்தநாளுக்கும் நான் ஊரில் இருந்ததில்லை. செந்தாமரைக்கு என்னைப் பிடித்து வைக்கக் காரணம் இருக்கிறது. அதற்காக முதுகில் குத்துவாளா?

ஜூன் 22, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

முத்துப்பேட்டை போனேன். முபாரக் மைதானத்தில் கோல் போஸ்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். "வாடா புகழு, டீ சொல்றேன்" என்றான். நின்றபடியே கேட்டேன். "கேரளாக்காரன்கிட்ட என் முட்டியப் பத்திச் சொன்னது நீதானே?"

"என்னடா உளறுறே?"

"போட்டோ எடுத்தியே, எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச இன்னொரு டாக்டர்ட்ட காட்டுறதுக்கு. அவரும் ஆடாதேன்னுதான் சொன்னாரு. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வச்சிருக்கேன்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறான். பதில் தயாராக வைத்திருப்பவனை நான் நம்புவதில்லை. அப்போதுதான் அந்தப் பேச்சு என் வாயில் வந்தது. "நீ கீப்பர்டா. அடுத்தவன் அடிவாங்குறத பின்னாடி நின்னு பார்க்கத்தான் ஒனக்கு வரும்."

அவன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். டீ வந்தது. குடிக்காமல் திரும்பி நடந்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. என் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து ஆள் வரும்போதெல்லாம் "புகழு, பின்னாடி!" என்று கத்தினது அவன்தான். அந்தக் குரல் இல்லாவிட்டால் என் முட்டி பதினெட்டு வயதிலேயே போயிருக்கும். அதனால் என்ன? அப்போது நல்லவன். இப்போது?

ஜூன் 27, வெள்ளி

கேரளம் முடிந்தது. 'மன்னிக்கவும், வேறொருவரை எடுத்துவிட்டோம்' என்று இரண்டு வரி. செந்தாமரையிடம் போனை நீட்டினேன். படித்துவிட்டு என் கையைப் பிடிக்க வந்தாள். விலக்கிக்கொண்டேன். "உனக்கு வேண்டியது நடந்துடுச்சில்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை — அதை எழுத வரவில்லை. டூட்டிக்குப் போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

தண்ணீர் ஒருவழியாக எங்கள் கடைமடைக்கும் வந்துவிட்டது. நாற்றுப் பறிக்கிற இடத்துக்கு அப்பா கூப்பிட்டார், போனேன். அடுத்த வயலுக்கு ஆள் தேடிக்கொண்டு வைத்தியலிங்கம் வந்தார். வரப்பில் நின்று, எங்களிடம் வேலை செய்கிற சாமிதுரையைக் காட்டி, ஆள் எப்படி என்று கேட்டார்.

அப்பா சொன்னார்: "தாராளமா கூட்டிப் போங்க. காலெல்லாம் சேத்துப்புண்ணு, அதோட வந்து நிப்பான். காய்ச்சலா கெடந்தாலும் நாத்துப் பறிப்பான். ஒருநாள் முடியலன்னு சொன்னதில்ல."

வைத்தியலிங்கம் திருப்தியாகப் போய்விட்டார். அப்பா நாற்று முடியைக் கட்டிக்கொண்டே என்னிடம், "ஒன்னையும் அப்புடித்தான் சொல்லிவுட்டேன்" என்றார்.

"யார்ட்டப்பா?"

"அந்த கேரளாக்காரர்ட்டதான். நீ தஞ்சாவூர் போயிருந்த அன்னைக்கு எனக்குப் போன் போட்டாரு. ஒன் போனு எடுக்கலயாம். பையன் எப்படி ஆடுவாரு, ஒடம்பு எப்படின்னு கேட்டாரு. முட்டி வீங்கிப்போயி ஊசி போட்டுக்கிட்டுத்தான் ரெண்டு வருசமா ஆடுறான், ஒரு ஆட்டத்த வுட்டதில்ல, நம்பி எடுத்துக்கங்கன்னேன். ஒன்கிட்ட அன்னைக்கே சொல்ல வந்தேன். அப்புறம்னுட்டே. ஒன்கிட்ட அவரே பேசுறேன்னாரு. ஏன், பேசலயா?"

கணுக்கால் வரைக்கும் சேறு. காலை எடுக்க முடியவில்லை.

"பேசினாருப்பா" என்றேன்.

"என்னா சொன்னாரு?"

"வயசாயிடுச்சாம்."

"போறானுவ" என்று அடுத்த முடியைக் கட்டினார்.

ஜூலை 7, திங்கள்

ஊசி விஷயம் மூன்று பேருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். நாலு பேர். இரண்டு பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு ஏன் வரவில்லை என்று அப்பா கேட்டபோது, ஊசி போட்டுக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறதென்று நானே சொன்னேன். அவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. எல்லோருடைய இடுப்பையும் பார்த்தேன்.

அப்பா பண்ணையில் கூலிக்கு இருந்த காலத்தில் ஒரு ஆளுக்கு இருந்த ஒரே சான்றிதழ் அது. உடம்பு முடியாவிட்டாலும் வந்து நிற்பான். அதற்குமேல் ஒருத்தனைப் பற்றி உயர்த்திச் சொல்ல அவருக்குத் தெரியாது. பதினான்கு வருஷமாக என் ஆட்டத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வரவில்லை என்று எனக்கு ஒரு குறை இருந்தது. வந்த ஒரே வார்த்தை என் கதையை முடித்துவிட்டது.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். முட்டிக்காக இல்லை.

இதில் பொய் எழுதினது ஒரே ஒருத்தன். 'பழைய காயங்கள்: இல்லை.' என் கையெழுத்து.

செந்தாமரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன். "அன்னைக்கு சாணி மிதிச்ச செருப்பக் கழுவுனதே நாந்தான். எதுக்கு அங்க போனீங்கன்னு யோசிச்சேன்" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு, முபாரக்கோடு என்ன பேசினாள் என்பதைச் சொன்னாள். அவன் டிஃபென்ஸ் சொல்லித்தர ஒரு கோச் தேடுகிறானாம். கேரளா கிடைத்தால் என் மனசு கலைய வேண்டாம், கிடைக்காவிட்டால் கேட்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். ஆக, எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்று நான் நினைத்தது சரிதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

முபாரக்கிடம் போய் அப்பா சொன்னதைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். "அப்பாகிட்ட சொல்லிட்டியா, அவராலதான்னு?" என்று கேட்டான்.

"இல்ல."

"சொல்லிடாதே."

மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, திக்கித் திக்கித்தான் வந்தது. அவன் கோல் போஸ்டைப் பார்த்துக்கொண்டே, "கீப்பர்னு சொன்னதுக்குக் கோவமில்ல. அது உண்மை. சொன்ன டீயக் குடிக்காம போனே பாரு, அதான்டா" என்றான்.

இரண்டு டீ குடித்தேன். அவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளாகும்.

ஜூலை 20, ஞாயிறு

முட்டி: வலி இருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

முபாரக்கின் பயிற்சி மையத்துக்குப் படிவம் நிரப்பினேன். கூட்டாளியாக இருந்தாலும் படிவம் படிவம்தானாம். 'பழைய காயங்கள்' கட்டத்தில் மூன்று வரி எழுதி, இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். செந்தாமரை படித்துப் பார்த்து ஒரு மருந்தின் பெயரைத் திருத்தினாள்.

மாற்றுத் தொடர்பு எண்ணை எழுதும்போது அப்பா பக்கத்தில் இருந்தார். "இது எந் நம்பருல்ல?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"யாராச்சும் கூப்புட்டு ஆள் எப்படின்னு கேட்டா என்னா சொல்றது?"

"அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு, போனைக் கொண்டுபோய் சார்ஜில் போட்டார்.