பட்டியலில் ஏறிய பூனையும் ஐந்து ஜன்னல் வலைகளும்

அனுப்புநர்
சு. மாடசாமி,
பண்டகக் காப்பாளர்,
குடியிருப்பு எண் 14, இரண்டாவது மாடி,
பிளாக் 21, நெய்வேலி.

பெறுநர்
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
நெய்வேலி நகரியம்.

பொருள்: மேற்படி குடியிருப்பின் ஐந்து ஜன்னல்களில் கட்டியுள்ள வலைகளை ஏழு நாட்களுக்குள் அகற்றும்படி வந்த அறிவிப்பை ரத்து செய்யவும், ஒப்படைப்புப் பட்டியலின் வரிசை எண் 27இல் உள்ள பூனையை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: (1) தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 11.6.1984.
(2) குடியிருப்பு ஒப்படைப்புப் பட்டியல், நாள் 3.9.1981.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பண்டகசாலையில் பணிபுரிபவன். இதுவரை எந்த அலுவலகத்துக்கும் புகார் எழுதியதில்லை. இந்த மனுவிலும் புகார் பெரும்பாலும் என்மீதுதான் என்பதைத் தாங்கள் படித்து வரும்போது காண்பீர்கள்.

1. மேற்படி குடியிருப்பில் எனக்கு முன் இருந்தவர் திரு. சுப்பிரமணியன். ஓய்வு பெற்று, 3.9.1981 அன்று காலை லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு குடும்பத்துடன் சேலம் சென்றார். லாரிச் சத்தத்துக்குப் பயந்து அவர்கள் வளர்த்த பூனை எங்கோ ஒளிந்துகொண்டது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், கருவாட்டுத் துண்டைக் காட்டிப் பார்த்தார்கள். டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடிக்கவே, அது இல்லாமலே புறப்பட்டுவிட்டார்கள்.

2. பிற்பகலில் தங்கள் பிரிவு எழுத்தர் படிவத்துடன் வந்தார். அறை அறையாகச் சென்று, குழாய் இத்தனை, பல்பு இத்தனை, தாழ்ப்பாள் இத்தனை என்று எழுதினோம். பொதுவாக இதைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள் என்று சொல்கிறார்கள். என் தொழில் அப்படிப்பட்டதல்ல. இருப்பதை எழுதாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சமையலறைப் பரணை நிமிர்ந்து பார்த்தபோது அங்கிருந்து இரண்டு கண்கள் எங்களைப் பார்த்தன. இதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். எழுத்தர் சிரித்துக்கொண்டே, “இருந்தா எழுதிக்கங்க சார், எனக்கென்னா” என்றார். நானும் எழுதினேன். “27. பூனை – 1. சாம்பல் நிறம், வால் நுனி வெள்ளை. நல்ல நிலையில்.” அவர் கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார். திரு. சுப்பிரமணியன் திரும்பி வந்து கேட்டால் முறையாக ஒப்படைக்க வேண்டுமே என்பதுதான் என் எண்ணம். அவருக்குக் கார்டு போட்டேன். சேலத்து வீட்டில் நாய் இருப்பதாகவும், நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. அந்தக் கார்டும் என்னிடம் உள்ளது.

3. இப்பூனையின் சுபாவத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்வது அவசியம். காலைச் சங்கு ஊதியதும் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு முன்பே இது எழுந்துவிடும். சமையலறையிலிருந்து புறப்பட்டு, பீரோவின் மேல் ஏறி, கட்டிலைத் தாண்டி, வாசற்கதவில் முட்டித் திரும்பும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நடை போனால்தான் அதற்கு அன்றைய பொழுது விடியும். பிளாக் பிள்ளைகள் ராக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நாங்களும் அப்படியே அழைக்கிறோம். சாதுவான பூனை என்று பொய் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அதனிடம் கெட்ட எண்ணம் கிடையாது.

4. எங்கள் ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் உண்டு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே என் கை தாராளமாகப் போகும், பூனையும் போகும். எதிரே வேப்பமரம், அதில் அணில்கள். எங்கள் பொறுப்புக்கு வந்த ஆறாவது மாதத்தில் அணிலைப் பார்த்துப் பாய்ந்து கீழே விழுந்தது. அப்போது பூச்செடிப் பாத்தியில் விழுந்ததால் தப்பித்தது. இந்த ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் தேதி மறுபடியும் பாய்ந்தது. இம்முறை கீழே சிமெண்டுத் தளம். என் மனைவி இசக்கியம்மாள் ஜன்னல் ஓரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே பாய்ந்ததைப் பிடிக்கக் கை நீட்டியிருக்கிறாள். வால் மட்டும் கையில் பட்டு நழுவியிருக்கிறது. நான் செய்தி கேட்டு சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, கீழே இறங்கவும் தைரியம் இல்லாமல், ஜன்னலை விட்டு விலகவும் முடியாமல், கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

5. கூடையில் போட்டு பஸ்ஸில் வடலூருக்குக் கொண்டு சென்றோம். வழியெல்லாம் கத்தியது. கண்டக்டர், “கூடைல கத்திகினு கீறது என்னாங்க, கொழந்தையா?” என்றார். என் மனைவி ஆமாம் என்றாள். நான் திருத்தவில்லை. கால்நடை மருத்துவர் இடது பின்னங்காலில் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, ஆனால் சற்றுக் கோணலாகக் கூடிவிட்டது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பதெல்லாம் நாலு காலும் நேராக இருக்கிற வரைக்கும்தான், இன்னொரு தடவை விழுந்தால் பிழைக்காது என்று அவர் சொல்லி அனுப்பினார். கால் கோணலானதே தவிர ஓட்டம் குறையவில்லை.

6. அன்று முதல் என் மனைவி ஐந்து ஜன்னல்களையும் சாத்திவிட்டாள். ஐயா, தாங்களும் இந்த ஊரில்தான் வசிக்கிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஜன்னலைச் சாத்திய மாடி வீடு எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மேலே மொட்டை மாடி காய்கிறது, உள்ளே அடுப்பு எரிகிறது. அவள் புழுக்கத்தில் இரண்டு முறை மயங்கி உட்கார்ந்துவிட்டாள். திறக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். ஆகவே காற்றும் வர வேண்டும், பூனையும் போகக் கூடாது, என் சம்பளத்துக்கும் அடங்க வேண்டும் என்ற நிலையில் கீழ்க்கண்ட முயற்சிகளைச் செய்தேன்.

(அ) பழைய கொசுவலையைக் கிழித்துக் கட்டினேன். ஒரு பிற்பகல் தாங்கியது.

(ஆ) உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டோம். வெளிச்சமும் போயிற்று, காற்றும் போயிற்று. மேலும், பண்டகசாலைக்காரன் வீட்டு ஜன்னலில் சாக்கு தொங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வடக்குத்து ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்கியதுதான் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல முடியுமா? மறுநாளே கழற்றிவிட்டேன்.

(இ) கோழிக்கூண்டுக் கம்பிவலை வைத்துப் பார்த்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும், அதனால் கட்டுக்கம்பியால் கட்டினேன். ராக்கெட் அதன்மேல் உச்சிவரை ஏறி, இறங்கத் தெரியாமல் தொங்கிக்கொண்டு பிளாக்கையே கூட்டிவிட்டது.

(ஈ) கடைசியாகப் பக்கத்துக் குடியிருப்புத் திரு. பாக்கியசாமி ஒரு யோசனை சொன்னார். அவருடைய மாமனார் வீடு கடலூர் முதுநகரில் உள்ளது. கிழிந்து ஒதுக்கிய நைலான் மீன்வலை அங்கே வேண்டிய மட்டும் கிடைக்கும் என்று ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி மேரிசெல்வி கிழிசல்களை முடிந்து கொடுத்தார். வலையை இரண்டாக மடித்து, ஓரம் முழுவதும் கயிறு கோத்து, ஜன்னல் கம்பிகளில் சாணுக்கு ஒரு முடிச்சாகக் கட்டினோம். ஓர் ஆணி இல்லை, ஒரு துளை இல்லை. அவிழ்த்தால் சுவரும் கம்பியும் முன்பிருந்தபடியே இருக்கும். பூனை பாய்ந்தால் வலை கொஞ்சம் நெகிழ்ந்து அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, இப்போது வலைக்கு முன்னால் உட்கார்ந்து அணிலைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

7. இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. மீன்வலையை ஒரு தடவை மட்டும் அலசிவிட்டுக் கட்டினேன். வெயில் ஏற ஏற வாசனை கிளம்பியது. ராக்கெட்டுக்கு அது சொர்க்கமாக இருந்தது, நாள் முழுக்க வலையை நக்கியது. பிளாக்கில் உள்ள மற்றப் பூனைகளும் எங்கள் ஜன்னலுக்கு நேர்கீழே வந்து கூடின. கீழ்வீட்டுத் திரு. சிங்காரவேல் மாதந்தோறும் பூசத்தன்று வடலூர் சபைக்குப் போய் வருபவர், புலால் வாசனை பட்டாலே சாப்பிடாதவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அவர் கொடுத்தது நியாயமான புகார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதன்பின் ஐந்து வலைகளையும் கழற்றி, சோடாவும் புளியும் போட்டு மூன்று தடவை அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்பக் கட்டிவிட்டேன். இப்போது வாசனை அறவே இல்லை.

8. ஆனால் புகாரின்பேரில் தங்கள் அறிவிப்பு 11ஆம் தேதி வந்துவிட்டது. வலைகள் கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுப்பதாகவும், ஏழு நாட்களில் அகற்றாவிட்டால் குடியிருப்பு ஒதுக்கீடு மறுபரிசீலனை செய்யப்படும் என்றும் அதில் கண்டுள்ளது. நேற்று மேற்பார்வையாளர் நேரில் வந்தார். அப்போதுதான் எனக்கு அதிபுத்திசாலித்தனம் ஒன்று தோன்றியது. பட்டியலை எடுத்து வரிசை எண் 27ஐக் காட்டி, பட்டியலில் உள்ள பொருளைச் சேதமில்லாமல் பாதுகாப்பது குடியிருப்பவனின் கடமை என்ற விதியையும் காட்டி, வலை கட்டியது அந்தக் கடமைக்காகவே என்று வாதாடினேன்.

9. மேற்பார்வையாளர் பட்டியலை இரண்டு முறை படித்தார். பிறகு, “அப்டீன்னா இது ஆபீஸ் சாமானுங்க. உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவு? திங்கக்கெழமை ஆளு அனுப்பறேன். சாக்குல போட்டு எடுத்துகினு போயி முத்தாண்டிக்குப்பம் பக்கம் வுட்டுட்டு வந்துடுவான்” என்றார். அவர் எனக்கு உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னார். அவர்மீது நான் குற்றம் கூறவில்லை. என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேன்.

10. கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்ட என் மனைவி, அவர் படியிறங்கியதும் வெளியே வந்தாள். பிறகு கேட்டாள்: “ஏங்க, நீங்க எழுதுனதுதான அது? நீங்களே அடிச்சிருங்க.” ஐயா, நாங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். எங்கள் ஒரே மகள் திருமணமாகிப் பம்பாயில் இருக்கிறாள். நான் காலையில் போனால் மாலையில்தான் வருகிறேன். பகலெல்லாம் என் மனைவி யாருடன் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. பூனையுடன் என்பது அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரியும். வால் நழுவிய கையை அவள் இன்றும் எதையாவது நினைத்துக்கொண்டு தடவிப் பார்க்கிறாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

11. அவள் கேட்டபடி பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனாவின் மூடியையும் கழற்றினேன். இதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதில் தங்கள் அலுவலகக் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. இரண்டு பேர் ஒப்புக்கொண்ட பட்டியலில் ஒருவன் மட்டும் கோடு கிழிப்பதைத் திருத்தம் என்று சொல்ல முடியாது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

12. ஆகவே தங்களை மிகுந்த பணிவுடன் வேண்டிக்கொள்வது:

ஐந்து வலைகளும் நான் ஓய்வுபெறும் 1986 மே மாதம் வரை இருக்க அனுமதி அளிக்க வேண்டும். தோற்றம்தான் குறை என்றால், சுவரின் நிறத்துக்கே வலையைச் சாயம் தோய்த்துக் கட்டிவிடுகிறேன். இல்லை, கம்பிக்கு உட்புறம்தான் கட்ட வேண்டும் என்றாலும் அப்படியே மாற்றிக் கட்டுகிறேன்.

திங்கட்கிழமை சாக்குடன் ஆள் வராமல் தடுத்து உதவ வேண்டும். இது அவசரம்.

வரிசை எண் 27ஐத் தங்கள் கையால் அடித்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டுத் தர வேண்டும்.

13. மூன்றாவது வேண்டுதலுக்கு விதியில் இடமில்லை என்று தாங்கள் கருதலாம். அப்படியானால் ஒன்றை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நான் ஓய்வுபெற்று வீட்டைக் காலி செய்யும் நாளில் குழாய், பல்பு, தாழ்ப்பாள், சாவி உட்பட இருபத்தாறு இனங்களையும் எண்ணி ஒப்படைப்பேன். இருபத்தேழாவது இனம் இருக்காது. அது அன்று எங்களுடன் திருநெல்வேலி ரயிலில் போய்க்கொண்டிருக்கும். என் பொறுப்பில் இருந்த எந்தப் பட்டியலிலும் இதுவரை ஒரு திருகாணி குறைந்ததில்லை. குறையப்போவது இது ஒன்றுதான் என்பதை இரண்டு ஆண்டு முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கு என்ன தண்டனையோ, அதை ஏற்றுக்கொள்ள நானும் என் மனைவியும் சம்மதித்துக் கீழே கையெழுத்திடுகிறோம்.

தங்கள் பதிலைத் திங்கட்கிழமைக்கு முன் எதிர்பார்த்து,

இடம்: நெய்வேலி
நாள்: 14.6.1984

தங்கள் உண்மையுள்ள,
சு. மாடசாமி
மா. இசக்கியம்மாள்

இணைப்பு: ஒப்படைப்புப் பட்டியலின் நகல் – 1, திரு. சுப்பிரமணியனின் அஞ்சலட்டை நகல் – 1. அலசிய வலையின் மாதிரித் துண்டு, ஒரு சாண் – 1 (முகர்ந்து பார்க்கலாம்).

மேற்படி குடியிருப்பின் கீழ்வீட்டில் வசிக்கும் நான், வலை குறித்து 4.6.1984 அன்று கொடுத்த என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாசனைக்குத்தான் புகார் கொடுத்தேன். எதற்காகக் கட்டினார்கள் என்று மேலே போய் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டேன். அந்த ஜீவன் கோணல் காலோடு ஓடுவதை இன்று நேரில் பார்த்தேன். வலைகள் இருக்கட்டும்.

ப. சிங்காரவேல்
குடியிருப்பு எண் 10, பிளாக் 21.