சிற்றாலயத்தின் பின்னால் அள்ளிய மண் எங்கே என்று கேட்டு

அனுப்புநர்:
சலவைப் பணியாளர், மகளிர் விடுதி,
ஊழியர் குடியிருப்பு, வீட்டு எண் 14,
கிறிஸ்தவப் பல்கலைக்கழக வளாகம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பல்கலைக்கழகச் சிற்றாலயத்தின் பின்புறமிருந்த குழந்தைகள் கல்லறையைத் தோண்டி அள்ளிய மண் கொட்டப்பட்ட இடத்தைத் தெரிவிக்கக் கோருதல்.

பார்வை: அப்படியொரு கல்லறை பதிவேட்டில் இல்லை என்று தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி மகளிர் விடுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துணி வெளுத்து வருகிறேன். என் கணவர் அதே வளாகத்தில் குழாய்ப் பணியாளர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தை ஆறாம் நாள் இறந்துபோனது. அப்போதிருந்த குருவானவர் இரக்கப்பட்டு, சிற்றாலயத்தின் பின்சுவரை ஒட்டி அடக்கம் செய்ய அனுமதித்தார். எங்களுக்கு முன்பே ஊழியர் வீட்டுக் குழந்தைகள் பத்துப் பேர் அங்கே இருந்தனர். கல்வெட்டு கிடையாது. தலைமாட்டில் ஆளுக்கொரு செங்கல் நட்டிருக்கும், அவ்வளவுதான்.

2. இந்த ஆண்டு, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவி ஒருவர் தம் தாயாரின் நினைவாக வளாக மேம்பாட்டுக்கு நன்கொடை அளித்தார். வகுப்பறைகளுக்கு மின்விசிறியும் எங்கள் விடுதிக்குச் சலவை இயந்திரமும் வந்தன. அந்த இயந்திரத்தால் என் இடுப்பு வலி குறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடைசியாக, பின்சுவர்ப் பக்கம் நீரூற்றுடன் ஒரு தியானத் தோட்டம் அமைப்பதென்று முடிவாயிற்று.

3. நீரூற்றுக்குக் குழாய் பதிக்கும் வேலை என் கணவரிடம் தரப்பட்டது. அங்கே குழந்தைகள் இருப்பதை அவர் வளாக மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். மேலாளர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லையேப்பா" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். என் கணவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு நாட்கள் தனியாளாகக் கையாலேயே தோண்டினார். மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தபடியே திரும்பி வந்தது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

4. நேராகப் போக வேண்டிய குழாயை அவர் ஒவ்வொரு செங்கலையும் சுற்றி வளைத்து வளைத்துப் பதித்திருந்தார். ஐந்தாம் நாள் வந்து பார்த்த பொறியாளர், "இது குழாயா, பாம்பா?" என்று கேட்டு, பிரித்து நேராகப் போடச் சொன்னார். என் கணவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். உடனே மண் அள்ளும் இயந்திரம் வரவழைக்கப்பட்டது. ஒரு முற்பகலில் எல்லாம் முடிந்தது. மண் இரண்டு லாரிகளில் ஏறிப் பின்வாசல் வழியாக வெளியே போனது.

5. விடுதிச் சமையல்காரம்மா வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். ஈரக் கையோடு ஓடினேன். அங்கே தரையைச் சமன்படுத்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, "பெத்த புள்ளைய நீங்களே தோண்டுனீங்களா?" என்று கணவரைக் கேட்டுவிட்டேன். அவர், "வேற ஆளா இருந்தா கடப்பாரைய ஓங்கிப் போடுவான். நானே தோண்டுனா பாத்து தோண்டலாம்னு நெனச்சேன்" என்றார். கொட்டிய சொல்லை அள்ள முடியுமா, ஐயா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேவைக்கு மட்டுமே பேச்சு.

6. திறப்பு விழாவுக்கு நன்கொடையாளர் அம்மையார் வந்திருந்தார். வயதானவர். பெஞ்சில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க இருந்தா எங்கம்மா மடியில இருக்கற மாதிரி இருக்கும்மா" என்று கண் கலங்கினார். "ஆமாங்க" என்றேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

7. பதிவேட்டில் இல்லை என்கிறீர்கள். என் குழந்தையின் இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்துள்ளேன். அடக்கம் செய்த இடம் பல்கலைக்கழக வளாகம் என்று தங்கள் அலுவலக முத்திரையோடு அதன் குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கிறது. மற்றப் பெற்றோரில் இருவர் கையெழுத்திட வந்தார்கள். குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியாது. என் கணவரும் கையெழுத்திடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அந்த நீரூற்றைத் திறந்துவிடும் வேலை அவருடையது.

8. தோட்டத்தை இடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. யாரையும் தண்டிக்கவும் கேட்கவில்லை. லாரி ஓட்டுநர், ஏதோ பள்ளமான மனையில் கொட்டியதாக ஞாபகம் என்கிறார். எந்த மனை என்பது மண் அள்ளும் வேலையை எடுத்த ஒப்பந்ததாரருக்குத் தெரியும். அவரிடம் மூன்று முறை போனேன். என்னை வாசலோடு அனுப்பிவிட்டார். தாங்கள் கேட்டால் சொல்வார். அந்த மண்ணில் இனி எதுவும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆறு நாள் குழந்தைக்கு என்ன எலும்பு இருந்திருக்கும்! அதன்மேல் இன்று யாரோ வீடு கட்டியிருந்தாலும் பரவாயில்லை, தெருவின் பெயரையாவது தெரிவிக்க வேண்டுகிறேன். என் கணவரை அழைத்துக்கொண்டு போய் அங்கே ஒருமுறை நிற்க வேண்டும். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. வேறெங்கே நின்று கேட்டாலும் அவர் காதில் விழாது, ஐயா.

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று.

நாள்: ஆகஸ்டு 9
இடம்: ஊழியர் குடியிருப்பு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சலவைப் பணியாளர், மகளிர் விடுதி