நீலச் சட்டைக்கு இந்த வருஷம் யார்?

மாப்ள,

இன்று காலை டூட்டி பஸ்ஸில் யாரோ பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அந்த வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஃபீக் ஒரு மாதிரியாகப் பார்த்தான். உன் கட்டிலுக்கு இப்போது வந்திருக்கும் காயல்பட்டினத்துக்காரன் அவன். உன் கதை அவனுக்கு எப்படித் தெரியும்?

இங்கே கத்தாரில், ராஸ் லஃபானில் நம் கேம்ப் ஹால் டிவியில் அமெரிக்கர்களின் கால்பந்தை முதலில் பார்த்தபோது, "இது ஹெல்மெட் போட்ட சடுகுடுடா" என்றாய். நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. அதற்குமேல் விதி எதுவும் நமக்குத் தேவைப்படவில்லை. நீ நீலச் சட்டை அணிப் பக்கம், நான் சிவப்பு அணிப் பக்கம். இறுதிப்போட்டிக்கு எவன் வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். தோற்கிற பக்கத்துக்காரன் ரூமுக்கே மட்டன் குழம்பு வைக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடியலில் முடிகிற ஆட்டத்தை நாம் வெள்ளிக்கிழமை லீவில் மறுஒளிபரப்பில்தான் பார்ப்போம். அதுவரை ரூமில் யாரும் முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நம் அமெரிக்க சூப்பர்வைசரும் நீலச் சட்டைப் பைத்தியம். அவர் முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும் என்று ஹெல்மெட்டை மூக்குவரை இறக்கிக்கொண்டு நடப்பாய். ஒரு வருஷம் தப்பித் தவறிப் பார்த்துவிட்டாய். மனிதர் கன்னத்தில் கைவைத்து, எல்லாம் பறிகொடுத்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"கலாஸ் மாப்ள, போச்சு" என்று வந்து நின்றாய்.

வெள்ளிக்கிழமை மறுபேச்சில்லாமல் மட்டன் குழம்பு வைத்தாய். வயிறுமுட்டத் தின்றுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், நீலம் ஜெயித்துவிட்டது. அந்த ஆளுக்குக் கடைவாய்ப் பல் வலியாம். "தின்னதைக் கக்குடா" என்று ஹால் முழுக்க என்னைத் துரத்தினாய்.

போன வருஷம் லீவில் போன நீ திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி என்று ஊரிலிருந்து ஒரு போன், அவ்வளவுதான். உன்னை ரொம்பத் தேடுகிறது மாப்ள.

இந்த வருஷம் நடந்திருப்பதைக் கேள். இறுதிப்போட்டியில் நீலமும் சிவப்பும். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நேருக்கு நேர் வந்திருக்கிறார்கள். சிவப்பில் பந்தை எறிகிறவன் எங்கிருந்து எறிந்தாலும் ஓடுகிறவன் கையில் போய்ச் சேருகிறது. ரூமே சிவப்புப் பக்கம் சாய்ந்துவிட்டது.

"எல்லாரும் ஒரே பக்கம்னா அது என்ன மேட்ச் அண்ணே?" என்றான் ரஃபீக். அவன் சொன்னது சரிதான். நீ கட்டிவைத்த வழக்கம் உன்னோடு போய்விடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"நீலத்துக்கு நான் நிக்கிறேன்" என்றேன். நானா என்று எல்லாரும் சிரித்தார்கள்.

ரஃபீக் சிவப்புக்காகப் பேசினான். நான் உன்னிடம் பேசியதையெல்லாம் அவன் என்னிடம் பேசினான். "எறியட்டும்டா, எறிய நேரம் குடுத்தாத்தானே" என்று நீ மடக்குவது மாதிரியே மடக்கினேன். உன்னோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியதில் உன் வாதம் முழுக்க என்னிடம் தங்கிவிட்டிருக்கிறது. பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நீலத்தின் தடுப்பு வரிசையை உடைப்பது லேசில்லை.

சிவப்பு ஜெயித்தால் எனக்கு இப்போதும் சந்தோஷம்தான். ஆனால் நீலம் தோற்கக் கூடாது மாப்ள.